பலகைச் சுவரும் செங்கல் அறையும்

ஓர் அறையில் எழும் ஓசை நேராகச் செவிக்கு வருவதோடு நின்றுவிடுவதில்லை. சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, முதல் ஓசையின் மீது மேலும் மேலும் ஏறிக்கொள்கிறது. குரலையும் கருவிகளையும் தனித்தனியே பதிந்து, பின்னர் அளவறிந்து ஒன்றுசேர்க்கும் ஒலிக்கலவைப் பணியைச் செய்பவர், தாம் கேட்பது பாட்டையா அறையையா என்று பிரித்தறிய இயலாத நிலைக்கு இதனால் ஆளாகிறார். திரும்பிவரும் ஒலியை உறிஞ்சியும் சிதறச்செய்தும் அறையை நம்பத்தக்கதாக ஆக்கும் வேலைக்கு ஒலிச் சீரமைப்பு என்று பெயர். மலேசியாவின் சிரம்பான் வட்டாரத்துத் தாமான்களில், அதாவது வரிசை வீடுகளாலான குடியிருப்புகளில், படுக்கையறையொன்றைப் பாட்டுக்கென ஒதுக்கிய தமிழ் இளைஞர்கள் இவ்வேலையைப் பெரும்பாலும் தாமே செய்து பார்த்துக் கற்றவர்கள்; அவர்களுள் பலர் ரப்பர் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து, வெளியேறியவர்களின் பிள்ளைகள் என்பதால், அந்த அறைகளின் கதையைத் தோட்டத்தின் கதையிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை.

அத்தகைய அறையொன்றில் ஒலிபெருக்கிகளுக்கு அடியில் வைப்பதற்காகத் தடித்த ரப்பர் விரிப்பைச் சதுரங்களாக வெட்டியபோது எழுந்த வாடையே, லாபுப் பக்கத்துத் தோட்டமொன்றில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த, ஒரு பெரியவரைப் பழைய நாள்களுக்கு இட்டுச் சென்றது. கடையில் விற்கும் பதப்படுத்திய ரப்பரின் வாடையும் தோட்டத்து ஸ்டோரின் வாடையும் முழுக்க ஒன்றல்ல. ஸ்டோரில், வாளி வாளியாக வந்து சேர்ந்த பாலை வடிகட்டி, நீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளைகளுக்கிடையே கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் சில நாள்கள் தொங்கவிடுவார்கள். புளிப்பும் விறகுப்புகையும் கலந்த அந்த வாடை வேலையாள்களின் துணியிலும் தலைமுடியிலும் வீடுவரை வந்தது. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஏதோவொன்று உண்டு என்பதைப் பெரியவர் துண்டொன்றை முகர்ந்து பார்த்துச் சொன்னார். எந்த மரத்தின் பால், தோட்டத்தின் எந்தக் கண்டம் என்று கேட்பவரைப்போல அதை விரலால் அழுத்தியும் பார்த்தார்.

அந்த அழுத்திப் பார்த்தல் இந்த வேலைக்கும் உரிய சோதனைதான். ஒலிபெருக்கியின் அதிர்வு மேசைக்கும் தரைக்கும் இறங்காமல் தடுக்க ரப்பர் உதவுகிறது. ஆனால் வைக்கப்படும் பாரத்துக்கு ஏற்ப அது சற்றேனும் அமுங்கினால்தான் அதிர்வைப் பிரிக்கும், கல்லைப்போல் விறைத்து நின்றால் அப்படியே கீழே கடத்திவிடும். இதே தத்துவத்தின் பேரில், லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே 1966-இல் எழுந்த ஆல்பனி கோர்ட் என்னும் அடுக்குமாடி, ரயிலின் உறுமல் வீடுகளுக்குள் ஏறாதிருக்க இயற்கை ரப்பர் தாங்கிகளின் மீது நிறுத்தப்பட்டது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டு அருகே மலேசிய ரப்பர் துறையின் ஆதரவில் இயங்கும் துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம் இத்தகைய தாங்கிகளுக்காக உலகில் அறியப்பட்டது. 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலமும் ரப்பர் தாங்கிகளின் மீது நிற்கிறது. விடியுமுன் தலைவிளக்குடன் நிரைபிடித்து மரம் வெட்டிய தலைமுறையில், தங்கள் மங்கில், அதாவது பால் ஏந்தும் கிண்ணத்தில், சொட்டிய பால் ஒரு கட்டடத்தின் அமைதியைக் காக்கப் போகிறது என்று யாருக்கும் ஒருவரும் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பெரியவர் பிறந்து வளர்ந்த லயம், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அக்காலத்தில் எங்கும் காணப்பட்ட அமைப்பை உடையது: நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், மெல்லிய பலகைச் சுவர், மேலே தகரம், முன்னால் அஞ்சடி எனப்படும் திறந்த தாழ்வாரம். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த தடுப்புப் பலகை கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே ஒரு வீட்டில் குழந்தை இருமினால் கோடி வீட்டுப் பாட்டி கசாயம் வைக்கச் சொல்லிக் குரல் கொடுப்பாள். மறைவு என்பதே இல்லாத அந்த வாழ்க்கையை இன்று அழகாக்கிப் பேசுவது தவறு. புதிதாக மணமான தம்பதியர் கிசுகிசுப்பாகப் பேசவும் அஞ்சிய வீடு அது. எனினும் இசைக்கு அந்த வீடு செய்த ஒரு நன்மையை அங்கு வாழ்ந்தபோது யாரும் உணரவில்லை.

சனிக்கிழமை இரவுகளில் மாரியம்மன் கோயில் பசனை முடிந்தபின், ஆர்மோனியமும் மிருதங்கமும் டோலக்கும் ஏதேனும் ஒரு வீட்டு அஞ்சடிக்கு இடம்பெயரும். கேசட் ரிக்கார்டர் தோட்டத்துக்குள் வந்த காலத்தில், அதனை நாற்காலியின் மேல் மடித்த துண்டை விரித்து வைத்து, யார் எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பதைக் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள்: டோலக் படிக்கட்டுக்குக் கீழே, ஆர்மோனியம் தூணோரம், பாடுபவர் ரிக்கார்டருக்கு ஒரு முழத் தொலைவில். ஒலிக்கலவை என்ற சொல்லே அறியாமல் அவர்கள் செய்த ஒலிக்கலவை அது. மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரையின் இரைச்சலில் எல்லாம் முழுகிப்போகும். ஆதலால் மாலை மழை ஓயும்வரை காத்திருந்து, ஓய்ந்தபின்னும் இறவாணத்துச் சொட்டு நிற்கட்டும் என்று மேலும் சற்றுப் பொறுத்துத் தொடங்குவதே வழக்கம். மறுநாள் வேலைநாளாயின் பத்து மணிக்கு மேல் யாரும் கருவியைத் தொடமாட்டார்கள். விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் களத்தில், எல்லாரும் நின்றாக வேண்டும் என்பதால், நிறுத்தச் சொல்லி எவரும் வந்து கதவைத் தட்ட வேண்டிய தேவை எழவில்லை.

அந்தக் கேசட்டுகளுள் பூஞ்சணம் பிடிக்காமல் தப்பியவற்றைப் பெரியவரின் மகன் அண்மையில் கணினிக்கு மாற்றியபோது ஒரு செய்தி வெளிப்பட்டது. நாடாவின் இரைச்சலுக்கு அடியில் குரலும் தாளமும் தெளிவாகப் பிரிந்து நின்றன. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஓசை தரும் இடந்தலை, அடித்தவுடன் எழுந்து அடித்தவுடன் அடங்கியது. அதே மிருதங்கத்தை மகன் தன் தாமான் வீட்டு அறையில், விலையுயர்ந்த மைக்கின் முன் வைத்துப் பதிந்தபோது, தொப்பியின் ஓசை மூலைகளில் தேங்கி, அடுத்த அடியின் மேலும் கவிந்தது. வாசலில் நின்று கேட்ட பெரியவர், “என்னடா தம்பி, சொவரு எதுத்துப் பேசுது” என்றார். ஒலியியல் நூலொன்று பல பக்கங்களில் விளக்கும் செய்தியை அவர் சொல்லி முடித்துவிட்டார்.

இதன் காரணம் கணக்குக்கு உட்பட்டது. பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் ஒன்பதரை அடி உயரமும் உள்ள அந்த அறையில் சுவர் பூச்சுப் பூசிய செங்கல், தரை டைல், கூரை கான்கிரீட். ஓர் ஒலியலையின் பாதி நீளம் இரு எதிர்ச்சுவர்களுக்கு இடைப்பட்ட தொலைவுக்குச் சரியாகப் பொருந்தும்போது, போன அலையும் திரும்பிய அலையும் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து நிலையலை என்னும் தேக்கத்தை உண்டாக்குகின்றன. குளிர்சாதனம் ஓடும் அறையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் செல்வதாகக் கொண்டால், நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸிலும் அகலவாக்கில் 57-லும் உயரவாக்கில் 60-லும் இத்தேக்கம் நேரும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. அகலமும் உயரமும் ஏறத்தாழ ஒத்திருப்பதால் 57-உம் 60-உம் கைகோத்துக்கொண்டு அறையை உறுமச் செய்கின்றன. லயத்து வீட்டிலோ மெல்லிய பலகை இந்தக் கனத்த அலைகளுக்கு வழிவிட்டுத் தானும் அதிர்ந்து அவற்றின் வலுவைத் தின்றது. மிச்சம் கூரைக்கடியில் இருந்த இடைவெளி வழியே பால்மரங்களுக்குள் போய்விட்டது.

திறந்த வெளிக்குச் செல்லும் ஒலி திரும்புவதில்லை என்ற எளிய உண்மையே அறை ஒலியியலின் முதல் அளவுகோலாகவும் அமைந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் பேச்சு விளங்காத விரிவுரைக் கூடமொன்றைச் சீர்படுத்தும் பொறுப்பை 1895-இல் ஏற்ற வாலஸ் சபின் என்னும் இளம் இயற்பியலாளர், நகர ஓசை அடங்கிய இரவுகளில் பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதவைத்து, ஓசை அடங்கும் நேரத்தை மீண்டும் மீண்டும் அளந்தார். ஒரு பொருள் எவ்வளவு ஒலியை உறிஞ்சுகிறது என்பதை, அதே பரப்புள்ள திறந்த சன்னல் எவ்வளவு வெளியே விடும் என்பதோடு ஒப்பிட்டே அவர் குறித்தார். அவர் கண்ட விதியின்படி, அறையின் கனஅளவைக் கனமீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, சதுர மீட்டரிலான மொத்த உறிஞ்சலால் வகுத்தால் எதிரொலிப்பு நேரம், அதாவது ஓசை அறுபது டெசிபெல் தணிய எடுக்கும் நேரம், கிடைக்கும். மகனின் அறை வெறுமையாக இருந்தபோது இந்தக் கணக்கு ஏறத்தாழ 2.8 நொடி என்று காட்டுகிறது. சிறிய கலவையறைக்கு 0.2 முதல் 0.4 நொடிவரையே தகும்.

முதலில் ஒட்டப்பட்டவை முட்டைத் தட்டுகள். மலேசியாவெங்கும், தமிழ்நாட்டிலும்கூட, வீட்டு ஒலியறைக்கு அடையாளமாகவே ஆகிவிட்ட இந்தக் காகிதக்கூழ்த் தட்டுகள் நடுத்தர உச்ச ஓசைகளில் ஒரு சிறு பகுதியை மட்டும் சற்றே மங்கச் செய்கின்றன. கனத்த ஓசைக்கு அவை இருப்பதும் இல்லாததும் ஒன்றே. எளிதில் தீப்பற்றும் என்பதால், மின்கம்பிகள் நிறைந்த அறையில் அவற்றை ஒட்டாதிருப்பதே அறிவுடைமை. அடுத்து வந்த ஓரங்குலக் கறுப்பு ஸ்பாஞ்சு வேறொரு கேட்டைச் செய்தது: உச்ச ஓசைகளை மட்டும் தின்றுவிட்டுக் கீழ் ஓசைகளை அப்படியே விட்டதால் அறை மூடிய பானைக்குள் இருப்பதுபோல் ஆயிற்று. நுண்துளைப் பொருள் எதுவாயினும் அலையின் கால்வாசி நீளத்துக்கு ஈடான ஆழத்தில்தான் முழு வலுவுடன் உறிஞ்சும். 47 ஹெர்ட்ஸ் அலையின் கால்வாசி ஏறத்தாழ ஆறடி, அதாவது அந்த அறையின் பாதி நீளம்.

பயன் தந்தது ராக்வூல். பாறையை உருக்கி நூலாக்கி அட்டையாக அமுக்கிய இப்பஞ்சு, வெப்பத்தைத் தடுக்கும் பொருளாக உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கிறது. நான்கடிக்கு இரண்டடியில் மரச்சட்டம் அடித்து, நான்கங்குலக் கனத்தில் ராக்வூலை வைத்து, வாயால் ஊதினால் மறுபக்கம் காற்று வரும் துணியால் போர்த்தி, சுவரிலிருந்து நான்கங்குலம் தள்ளித் தொங்கவிட வேண்டும். துணி நீலாய் 3 மொத்தச் சந்தையில் வாங்கப்பட்டது. ஒவ்வொரு கடையிலும் துணியை வாயருகே வைத்து ஊதிப் பார்த்த மகனை விற்பனைப் பெண்கள் வியப்புடன் பார்த்தனர், உடன்சென்ற தாயார் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார். பதினாறு சட்டங்கள் ஏறியபின் கணக்கு 0.4 நொடியை ஒட்டி வந்தது. ஒலிபெருக்கியிலிருந்து பக்கச் சுவரில் ஒருமுறை பட்டுச் செவிக்கு வரும் முதல் எதிரொலி எங்கே எழுகிறது என்பதை, ஒருவர் உட்கார்ந்திருக்க மற்றவர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்திச்சென்று, ஒலிபெருக்கி அதில் தெரியும் இடத்தைக் குறித்துக் கண்டனர். கண்ணாடியைப் பிடித்தவர் பெரியவர்.

ராக்வூல் வெட்டும்போது பறக்கும் தூசு தோலில் அரிக்கும் என்பதால் முகமூடியும் கையுறையும் தேவை. தோட்டத்து வீடுகளில் முன்பு இலவம்பஞ்சும் தேங்காய்நாரும் அடைத்த மெத்தைகள் இருந்தன. ஒலியை உறிஞ்சும் பண்பு அவற்றுக்கும் உண்டு. சிரம்பானிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேங்காய்நாரின் ஒலியுறிஞ்சும் ஆற்றலை முறையாக அளந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். செம்பனைக் குலையின் சக்கை நாரிலும் இத்தகைய சோதனைகள் நடந்துள்ளன. பால்மரங்கள் சாய்ந்து செம்பனை நிறைந்துவிட்ட மாநிலத்தில் அந்த நார் ஆலைதோறும் குவிகிறது. ஈரக்காற்றில் பூஞ்சணம் பற்றாதவாறு அதைப் பதப்படுத்தி மலிவாகச் சந்தைக்குக் கொண்டுவருபவர் வீட்டுக் கலைஞர்களுக்குப் பெரிய உதவி செய்தவராவார்.

இவ்வளவுக்குப் பின்னும் 57 ஹெர்ட்ஸின் உறுமல் அடங்கவில்லை. சபினின் விதி பெரிய கூடங்களுக்குப் பொருந்தும் அளவுக்குச் சிறிய அறைகளுக்குப் பொருந்துவதில்லை. மான்ஃபிரட் ஷ்ரோடர் என்னும் ஜெர்மானிய இயற்பியலாளர் வகுத்த எல்லைக்கோட்டின்படி, இந்த அறையில் ஏறத்தாழ 220 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிலையலைகள் தனித்தனியாகத் தலைதூக்கும். அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து வேண்டும். அந்த மருந்து சவ்வு உறிஞ்சி எனப்படுவது: காற்றுப் புகாத மரப்பெட்டியின் முகத்தில் பிளைவுட் பலகையை அறைந்து, உள்ளே சிறிது ராக்வூல் வைத்தால், குறிப்பிட்ட ஓசைக்குப் பலகை அதிர்ந்து அதன் ஆற்றலை வெப்பமாக்கிவிடும். பலகையின் சதுர மீட்டர் எடையைக் கிலோகிராமிலும் பெட்டியின் ஆழத்தை மீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 60-ஐ வகுத்தால் அந்த ஓசை தெரியும். ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட்டும் இருபது சென்டிமீட்டர் ஆழமும் 58 ஹெர்ட்ஸுக்கு அருகே வருகின்றன. பெட்டி முடிந்து சுவரில் சாய்ந்தபோது, பெரியவர் விரல் முட்டியால் தட்டிக் கேட்டுவிட்டு, “இதத்தானடா லயத்துல நாலு பக்கமும் வச்சிருந்தாங்க” என்றார். மகன் சிரிக்கவில்லை, கேசட்டில் கேட்ட மிருதங்கத்தின் தெளிவுக்கு விளக்கம் அப்போதுதான் அவனுக்குக் கிடைத்தது.

அறை அடங்கியதன் பயன் கலவையில் தெரிந்தது. முன்பெல்லாம் அறையின் உறுமலைப் பாட்டின் உறுமல் என்று நம்பிக் கீழ் ஓசையைக் குறைத்துவிட, அதே பாட்டைக் காடியில், அதாவது காரில், போட்டுக் கேட்டால் தாளம் எலும்பாக ஒலிக்கும். மலேசியத் தமிழ் ராப் கலைஞர்களான யோகி பி-யும் நட்சத்திரா குழுவும் 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு தமிழ்நாடுவரை எட்டியபின், மலேசியத் தமிழ் இளைஞர் பலருக்குப் படுக்கையறையிலிருந்தே பாட்டுச் செய்யும் துணிவு வந்தது. கணினியையும் மைக்கையும் வாங்கியவர்கள் அறைக்குச் செலவிட மறந்தனர். அந்தத் தலைமுறையின் பாட்டுகள் சிலவற்றில் குரல் கூர்மையாகவும் தாளம் மெலிந்தும் இருப்பதற்கு, திறமைக் குறைவைவிட அறையின் பொய்சாட்சியே காரணமாக இருக்கக்கூடும்.

ஒலிச் சீரமைப்பு வேறு, ஒலித்தடுப்பு வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ராக்வூல் சட்டங்கள் அறைக்குள் கேட்பதைத் திருத்துமேயன்றி, அண்டைவீட்டுக்குச் செல்லும் ஓசையை நிறுத்தா. அதற்குச் சுவரின் எடை கூட வேண்டும், எடை இருமடங்கானாலும் குறைவது ஏறத்தாழ ஆறு டெசிபெல்தான். ஆகவே மகனின் அறையில் உருமி ஒலிப்பதில்லை. தைப்பூசக் காவடியோடு மலேசியாவில் புதுவாழ்வு பெற்ற உருமி மேளத்தில், ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க எழும் முனகல் பொதுச் சுவரைக் கடந்து அடுத்த வீட்டுத் தொட்டில் வரைக்கும் போகும். மேலும், குளிர்சாதனக் காற்றில் ஈரம் வற்றித் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடுவதால், அங்கே பதியும் உருமி வெளியில் கேட்ட உருமியாக இருப்பதில்லை.

எனவே உருமிப் பதிவுக்குச் சிறுபடை ஒன்று தோட்டத்துக்கே போகிறது. லயங்கள் இடிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டுவிட்டது. மாரியம்மன் கோயிலும் அதன் முன் உள்ள திறந்த கொட்டகையும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. சூடம், சாம்பிராணி எல்லாம் முடிந்து பூசாரி இசைவு தந்தபின், ஒரு மைக் முனகும் தோலுக்கு ஒரு முழத் தொலைவிலும் மற்றொன்று கொட்டகைத் தூணோரத்திலும் நிறுத்தப்படுகின்றன. தோலை நெருப்பில் வாட்டிச் சுருதி சேர்ப்பதும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதும் பெரியவர் பொறுப்பு. மாலை மழைக்குமுன் பதிவை முடித்துக்கொண்டு தாமானுக்குத் திரும்பியபின், இரவில் அறைக்கதவைச் சாத்திவிட்டு மகன் கலவையைத் தொடங்குகிறான்; முனகல் மிகுந்துவிட்டதா என்பதில் இருவருக்கும் இன்னும் கருத்து ஒத்துவரவில்லை.